ஹாவ்லாக்கில் வாடகைக்கு ஒரு வீடு

மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் ஒன்பது விஷயங்கள் இருந்தன. அடியில் கண்ணாடி வைத்த படகில் போவது, முகத்தில் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி மீன் பார்ப்பது, துடுப்புப் படகு, கடலுக்கு அடியில் நடப்பது, சூரிய உதயம், அஸ்தமனம், ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துத் தீவைச் சுற்றுவது, இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சலில் படுத்துக்கொண்டு இளநீர் குடிப்பது. ஒன்பதாவதாக, ‘ஒன்றுமே செய்யாமல் இருப்பது’. அதற்குக் கீழே, ‘ரெண்டு பேரும் ஜாலியா இருந்துட்டு வாங்க, அங்க போயும் கோயில் எங்க இருக்குன்னு தேடக் கூடாது’ என்று ஒரு உத்தரவு.

அதைப் படித்துவிட்டு என் கணவர் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். எங்கள் வீட்டில் எதற்குமே அவர் பதில் அதுதான். மகளுக்கு சென்னையில் வேலை கிடைத்த செய்திக்கும் கட்டைவிரல், ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று நான் அனுப்பியதற்கும் கட்டைவிரல்.

எனக்குத்தான் பட்டியல் விளங்கவில்லை. ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்பது புரிந்தது. செய்யும்போது எந்த இடத்தில் சந்தோஷம் வரும் என்பது புரியவில்லை. நாங்கள் அதுவரை போன பயணங்கள் எல்லாம் யாராவது ஒருவருக்காகப் போனவை. வேண்டுதலுக்காக, கல்யாணத்துக்காக, யாரோ செத்ததற்காக. போன காரியம் முடிந்தால் திரும்பிவிடலாம். இதில் எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்?

அப்போது அவர் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றும் பிரிவில் அவருக்கு வேலை. நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே மிஷின்கள் ஓடும். முப்பத்தோரு வருஷம் ஷிஃப்ட் மாறி மாறி அந்தப் பம்புகளோடு இருந்துவிட்டு வந்த மனிதர் வீட்டில் அதிகம் பேசாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. நான் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பேன். அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து உள்ளறையில் தூங்குவார். பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கிசுகிசுத்துத்தான் சொல்வார்கள்.

எங்களுக்குள் பேசாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. ரிட்டயர் ஆனதும் டவுன்ஷிப்பில் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எங்கே போவது? அவருக்கு விருதுநகர் பக்கம். அங்கிருந்த ஓட்டு வீட்டைத் தம்பிகள் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு பத்து வருஷமாகிறது. எனக்கு சேத்தியாத்தோப்புப் பக்கம். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் அண்ணன், “இங்க வந்து ஒரு வூட்டக் கட்டிக்கினு இருங்களேன் மாப்ள” என்பார். இவர், “பாப்போம்” என்பார். நான் சிரிப்பேன். அவ்வளவுதான். எங்கள் பிளாக்கில் அந்த வருஷம் மூன்று வீடு காலியாகி, மூன்று குடும்பமும் லாரி ஏறிப் போய்விட்டது. ஒவ்வொரு லாரியையும் நாங்கள் வாசலில் நின்று வழியனுப்பினோம். உள்ளே வந்ததும் வேறு எதையாவது பேசினோம்.

இந்த நிலையில்தான் கம்பெனி கொடுக்கும் விடுமுறைப் பயணச் சலுகை கடைசியாக ஒன்று பாக்கி இருப்பதாக மகள் கண்டுபிடித்தாள். டிக்கெட், ஹோட்டல், பட்டியல் எல்லாம் அவள் ஏற்பாடு.

போய் இறங்கிய நாளே குழப்பத்தில் ஆரம்பித்தது. மகள் எங்களை அனுப்பியது ஹாவ்லாக் தீவுக்கு. கப்பல் டிக்கெட்டில் ஸ்வராஜ் தீவு என்று போட்டிருந்தது. நாங்கள் இறங்கிய போர்ட் பிளேரிலேயே போர்டுகளில் வேறு பேர் இருந்தது. “தப்பான கப்பல் போலருக்கே” என்று நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற குடும்பமும் பயந்து வெளியே வந்தது. அவர் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, கவுண்ட்டரில் விசாரித்து, பழைய பேரும் புதுப் பேரும் ஒரே தீவுதான் என்று தெரிந்துகொண்டு வருவதற்குள் எங்கள் வரிசை கரைந்துவிட்டது. கடைசி ஆட்களாக ஓடி ஏறினோம்.

தீவில் சாயங்காலம் ஐந்தேகாலுக்கே சூரியன் இறங்கிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். “ரெண்டு மணி பி ஷிஃப்ட் பாதிகூட முடியல, அதுக்குள்ள இருட்டுது” என்றார். நம் ஊர் நேரமேதான் அங்கேயும். ஆனால் சூரியன் அந்த நேரத்தை மதிப்பதில்லை. ஆறு மணிக்கு அறையில் உட்கார்ந்து, சாப்பிடலாமா தூங்கலாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் நாலரைக்கே ஜன்னல் வெளுத்துவிட்டது. உதயம் என்று பட்டியலில் இருந்ததால் எழுந்து போய்ப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. பார்த்து முடித்தபோது மணி ஐந்தரை. நாள் முழுக்க அப்படியே பாக்கி இருந்தது.

அவர் ஒரு காரியத்தை எடுத்தால் ஒழுங்காக முடிப்பவர். பட்டியலையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். முதல் நாள் கண்ணாடிப் படகு. குனிந்து குனிந்து பவளப்பாறை பார்த்ததில் எனக்கு வாந்தி வந்தது. பிறகு துடுப்புப் படகு. ஆளுக்கு ஒரு துடுப்பு கொடுத்தார்கள். நான் வலதில் போட, அவரும் வலதில் போட, படகு நின்ற இடத்திலேயே மூன்று சுற்று சுற்றியது. கரையில் இருந்த புதுமணத் தம்பதி எங்களை வீடியோ எடுத்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். இந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தார்?

ஸ்கூட்டர் எடுத்த அன்று அது இன்னும் கூடியது. பின்னால் நான், முன்னால் அவர். இரண்டு பக்கமும் பாக்கு மரம், நடுநடுவே வாழை, வளைவுக்கு வளைவு கடல். அவர் விசில் அடித்தார். எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். இந்த மனிதருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. பாட்டு ஒன்றும் இல்லை, சும்மா காற்றுக்கு ஒரு இழுப்பு.

“எப்ப கத்துக்கினீங்க இத?” என்று காதருகே கேட்டேன்.

“எத?”

“விசில.”

“சின்ன வயசுலருந்து அடிக்கேனே” என்றார், நான்தான் இத்தனை நாள் கவனிக்காதது போல. அதன் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை வீட்டில் அடித்திருப்பாரோ, பிள்ளைகளின் வாய்ப்பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையோ?

மீன் பார்க்க மிதந்த நாளில் அவர் தண்ணீரிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கரையிலிருந்து பார்க்க, முதுகு மட்டும் மிதந்தது. கூட்டிப்போனவர் இரண்டு முறை தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் தலையைத் தூக்கினார். முகத்தில் ரப்பர் பதிந்த வட்டத்தோடு என்னிடம் வந்து, “கீழ யாரும் வேலை பாக்கல” என்றார்.

“என்னது?”

“எல்லாம் சும்மா சுத்திக்கிட்டு இருக்கு” என்றார். கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீரா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. நடத்தியவள் தமிழ்க்காரி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவள் அப்பா அம்மா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். அவள் பிறந்ததே தீவில்தான். தமிழ் பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் அவளுக்கே தெரியாமல் ஹிந்திக்குப் போய்விடுவாள். எங்களை அக்கா, அண்ணே என்றாள். இவர் தினம் மூன்று வேளை அங்கே போய் உட்கார்ந்தார். மழை எந்த மாதம், பால் எங்கிருந்து வருகிறது, கரண்ட் போனால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று கேட்பது அவர் சுபாவம் என்று நானும் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் விழித்தபோது படுக்கையில் அவர் இல்லை. ஃபோன் சார்ஜரில் கிடந்தது. செருப்பு இல்லை. கடற்கரை முழுக்க நடந்து பார்த்தேன். முந்தின நாள் மிதந்த முதுகு ஞாபகத்துக்கு வந்ததும் ஓட ஆரம்பித்தேன். மூச்சிரைக்க டீக்கடைக்கு வந்தால், அவள் பாலைக் காய்ச்சிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“அண்ணன் வீடு பாக்கப் போயிருக்காருக்கா. அந்தப் பாக்குத் தோப்புக்குள்ள போங்க.”

“என்ன வூடு?”

“வாடகைக்குத்தான். உங்ககிட்ட சொல்லலியா?”

தோப்புக்குள் ஒரு மண்பாதை போனது. முடிவில் தகரக் கூரை போட்ட ரெண்டறை வீடு. வாசலில் வங்காளி முதியவர் ஒருவர் கைகட்டி நின்றார். உள்ளே என் கணவர் ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரலோடு ஒட்ட வைத்து, அடி அடியாகச் சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்.

“என்ன பண்ணிக்கினு இருக்கீங்க?”

“அளக்கேன்” என்றார் நிமிராமல். “நம்ம பீரோ நிக்குமான்னு.”

“பீரோவா?”

“கப்பல்ல போடலாமாம். விசாரிச்சிட்டேன்.”

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் அதற்குப் பிறகு வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?”

“ஏழு மாசத்துல எங்கயாவது போகணும்ல” என்றார். அந்தப் பேச்சு எங்களுக்குள் முதல்முறையாக எழுந்தது அங்கேதான், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரோரத்தில். “கேட்டா நீ சேத்தியாத்தோப்பும்ப.”

“நான் எப்ப சொன்னேன்?”

“சொல்லல. சொல்லுவ.”

“எனக்கு அங்க போவ இஷ்டமே இல்ல.”

அவர் அளப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அப்புறம் ஏன் உங்கண்ணன் கூப்பிடும்போதெல்லாம் சிரிக்க?”

“வேற என்ன பண்றது? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினா உக்கார முடியும்?”

வருஷக்கணக்காக அவர் மனதுக்குள் ஒரு பெண்டாட்டியை வைத்து அவளோடு வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார், அவள் சேத்தியாத்தோப்பு சேத்தியாத்தோப்பு என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். நானும் அவர் விருதுநகருக்குக் கூட்டிப்போய்விடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அங்கே அவருக்கு ஒரு சுவர்கூடச் சொந்தமில்லை என்று தெரிந்தும். இதில் யார் மேல் தப்பு என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வங்காளி முதியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“இந்தத் தீவெல்லாம் நமக்கு ஆவாது. வாங்க போவலாம்” என்று சொல்லிவிட்டு நான் எழுந்து நடந்தேன். அவர் பின்னால் வந்தார். விசில் இல்லை.

அன்றைக்குத்தான் கடலுக்கு அடியில் நடப்பதற்கு மகள் பதிவு செய்திருந்தாள். ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து படகில் போனோம். இன்னொரு கரையில் இறக்கி, தலையில் மாட்டும் ஹெல்மெட்டைக் காட்டிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்கள். ரத்தக் கொதிப்பு உண்டா என்று ஒரு கேள்வி. இவர் பொய் சொல்லத் தெரியாதவர். மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். படிவத்தை வாங்கிய ஆள் தலையை ஆட்டி, அவர் பேரை அடித்துவிட்டான்.

“முப்பத்தோரு வருஷமா ஹெல்மெட் போட்ட ஆளுய்யா நான்” என்று தமிழில் சொல்லிப் பார்த்தார். அவனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டான்.

எனக்கு ரத்தக் கொதிப்பு இல்லை. போகாமல் திரும்பியிருப்பேன். ஆனால் அவரோடு கரையில் அருகருகே உட்கார்ந்திருக்க அன்று எனக்கு மனமில்லை. அதனால்தான் போனேன். வேறு தைரியம் ஒன்றும் கிடையாது.

தண்ணீருக்குள் இறங்கும் ஏணியில் கழுத்தளவு நின்றதும் தலையில் ஒரு பெரிய ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். அதற்குள் குழாய் வழியாகக் காற்று வந்தது. மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை, முகம் நனையாது என்றார்கள். ஏதேதோ சைகைகளை ஹிந்தியில் சொல்லிக் காட்டினார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். டியூஷனில் புரியாத பிள்ளைகள் ஏன் தலையாட்டுகிறார்கள் என்று அன்று தெரிந்தது.

கீழே காலில் மணல் பட்டது. காது அடைத்துத் திறந்தது. என் மூச்சு எனக்கே யாரோ பக்கத்தில் நின்று விடுவது போலக் கேட்டது. கோடு கோடாக மீன்கள் வந்து ஹெல்மெட்டின் கண்ணாடியில் வாயை வைத்தன. கூட வந்த ஆள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறான் என்று புரிந்தது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

உடனே என் கையைப் பிடித்து மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான்.

ஹெல்மெட்டை எடுத்ததும் எதிரே இடுப்பளவு தண்ணீரில் அவர். “என்னாச்சு? மூச்சு முட்டுதா?”

“ஒன்னும் ஆவல. நல்லாருக்குன்னுதான் சொன்னேன்.”

மறுபடி இறக்கினார்கள். மறுபடி மீன். மறுபடி அவன் வட்டம் காட்ட, நான் பழக்க தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்க, மறுபடி மேலே. இந்த முறை அவனுக்கே கோபம். படகோட்டி ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர்தான் கரையிலிருந்து கத்தினார். “யக்கா, கட்ட வெரலக் காட்டினா மேல தூக்குன்னு அர்த்தம். நல்லாருக்குன்னா வட்டம் போடுங்க!”

அடுத்த ஆளுக்கு நேரமாகிவிட்டது, முடிந்தது என்றான் அந்த ஆள். நான் சரி என்று ஏறப் போனேன். இவர் விடவில்லை. அந்தப் படகோட்டியைக் கூப்பிட்டு, “அவ இன்னும் ஒன்னுமே பாக்கலன்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க. பாத்துட்டுத்தான் வருவா” என்றார். எனக்காக யாரிடமும் அவர் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை.

மூன்றாம் முறை நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அங்கே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. இருபது நிமிஷம் என்றார் இவர். அண்ணாந்து பார்த்தால் கடலின் மேல்பாகம் ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கம் போல மின்னியது. கால் வைத்த இடம் புகையாக எழும்பி உடனே மூடிக்கொண்டது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் சாப்பிடக் கூப்பிட வேண்டியதில்லை. மகள் சொன்ன ஜாலி இதுதானா என்று யோசித்தேன். ஆனால் எனக்கு அழுகை வருவது போல இருந்தது. ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுக் கண்ணைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

மேலே வந்தபோது இவர் என் செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார். பேன்ட் முழுக்க நனைந்திருந்தது. நான் கரையில் கால் வைத்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எனக்கே புதிதாக இருந்தது.

“அந்த வூட்ட நானும் சரியாப் பாக்கணும்.”

“எந்த வீட்ட?”

“பீரோ அளந்தீங்களே, அத.”

மறுநாள் காலையில் போனோம். டீக்கடைக்காரியும் மொழிபெயர்க்க வந்தாள். நான் சமையலறையைப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் பாக்கு மரம், அதற்குப் பின்னால் ஒரு கீற்றுக் கடல். அடுப்பை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. பக்கத்து வீடுகளில் தமிழ்ப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். நாலைந்து பேர் உண்டு, ஆனால் கணக்குக்கு ஆள் இல்லை என்றாள் அவள்.

இவர் முகம் மட்டும் சரியில்லை. “தகரக் கூரை. மழை பெஞ்சா காது கிழியும்” என்றார். முந்தின நாள் அதே கூரைக்குக் கீழேதான் பீரோவுக்கு இடம் அளந்தவர். “காத்து அடிச்சா கப்பல் நிக்குமாம். எனக்கு மாத்திரை தீந்துபோனா?” என்றார். “பீரோவும் நிக்காது. நாலு விரக்கட குறையுது.”

“பீரோ இல்லன்னா போவுது” என்றேன்.

“அவசரப்படாத. நான் சும்மாதான் கேட்டு வச்சேன்.”

வீட்டுக்காரர் டீக்கடைக்காரியிடம் நீளமாக என்னவோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நேத்து அண்ணன் வேணும்னாரு, அக்கா வேணான்னாங்க. இன்னிக்கி அக்கா வேணும்ங்கறாங்க, அண்ணன் வேணாங்கறாரு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேணும்னு வந்தாச் சாவி தரேன்றாரு.”

அன்று பிற்பகல் கப்பலில் திரும்பினோம். பட்டியலில் ஊஞ்சலும் ‘ஒன்றுமே செய்யாமல் இருப்பது’ம் பாக்கி. நேரம் இல்லை. தீவு சின்னதாகிக்கொண்டே போனது. கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கையில் அவர், நடைபாதைப் பக்கம் நான்.

“நேத்து அந்த வூட்ட நிஜமாத்தானே கேட்டீங்க?” என்றேன்.

அவர் தீவு இருந்த பக்கமே பார்த்தபடி சொன்னார். “நீ வேண்டாம்னு சொல்லிருவன்னு நெனச்சுத்தான் தைரியமாக் கேட்டேன். நீ சரின்னதும் பயந்துட்டேன்.”

நான் மட்டும் என்ன, நிஜமாகவே அங்கே குடிபோகத்தான் கேட்டேனா? அவர் கண்டுபிடித்த இடத்தை அவர் ஒருவரே வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டேனா? கடலுக்கடியில் நின்ற மயக்கம் தெளியாமல் கேட்டேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர், “எனக்கும் தெரியல” என்றார். சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

வந்து சேர்ந்ததும் மகள் ஃபோனில், “எது ரொம்பப் பிடிச்சுது?” என்றாள். நான் துடுப்புப் படகு என்றேன், அவர் கடலுக்கடியில் நடந்தது என்றார். “நீங்க எங்கப்பா நடந்தீங்க?” என்றாள் அவள். “நடக்கல” என்றார். “ஆனா அதுதான்.” மகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த ஏழு மாதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. வீட்டைப் பற்றிப் பேசினோம். முடிவு எதுவும் வரவில்லை, ஆனால் பேசினோம். “உனக்கு எது வசதி?” என்பார். “உங்களுக்கு எது?” என்பேன். மாறி மாறி இதையே கேட்டுக்கொண்டிருந்ததில், அண்ணன் வந்து கூப்பிட்டபோது நான் முதல்முறையாகச் சிரிக்காமல், “இல்லண்ணா, நாங்க அங்க வரல” என்றேன். அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. கடைசியில் மகள்தான், “நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றதுக்குள்ள குவார்ட்டர்ஸ் பூட்டிருவாங்க” என்று மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பேசி முடித்தாள். டவுன்ஷிப்பிலிருந்து பஸ் ஏறி வந்தால் டியூஷன் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரம். கீழே இரும்புக் கடை, எதிரே கான்ட்ராக்ட் ஆட்கள் தங்கும் வரிசை வீடுகள். ஹாரன் சத்தம் ஓயாத தெரு.

கடைசி ஷிஃப்ட் முடித்து கழுத்தில் மாலையோடு வந்தவர், அன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் வாசலைத் தாண்டி நாலு வீடு போய்விட்டுத் திரும்பி வந்தார். “யோசனையில போயிட்டேன்” என்றார். அதற்கு இரண்டு மாதம் கழித்து லாரி வந்தது. இந்த முறை வாசலில் நின்று கையசைத்தவர்கள் மற்றவர்கள்.

மந்தாரக்குப்பம் வீட்டில் முதல் காலை. நான் கண் விழித்தபோது எந்தச் சுவரில் கதவு இருக்கிறது என்று தெரியவில்லை. இருபத்தேழு வருஷமாக இடது பக்கம் இறங்கிப் பழகிய காலை நீட்டினால் சுவர் இடித்தது. அவரும் விழித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

“பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“எனக்கும் தெரியல. நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்கறேன்” என்றேன்.

ஆளுக்கொரு கதவைத் திறந்தோம். அவர் திறந்தது ஸ்டோர் ரூம். நான் திறந்தது மாடிப்படி. கீழே இரும்புக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நைட்டியோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அவர் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.